ஊசித்தட்டானுக்கு வச்ச பேரு

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. கால் நீட்ட இடம் போதுமா? புனலூர் வரைக்குமா நீங்க? நான் தென்மலையில இறங்கி வேற பஸ் பிடிக்கணும். குளத்துப்புழையில ஒரு பாராட்டு விழா. எனக்கில்ல. எங்க வீட்ல இருக்காளே, அவளுக்கு. அவ காலையிலயே கார்ல போயிட்டா. கார்ல இடம் இல்லன்னுட்டாங்க. பின் சீட்டுல ஒரு பூந்தொட்டி இருந்துச்சு, அதை மடியில வச்சிருந்தா நானும் உக்காந்திருக்கலாம். யாரும் சொல்லல. நானும் கேக்கல.

என்ன பாராட்டுன்னு கேக்கீங்களா? கேக்கல, சரி. ஆனா கேக்கணும்னு உங்க முகத்துல தெரியுது. சொல்லுதேன். புளியரை தாண்டி வளைவு ஏற ஆரம்பிச்சா நமக்கு வேற என்ன வேலை.

என் பேரு ஆறுமுகநயினார். விலங்கியல் பேராசிரியர், ரிட்டையர் ஆயாச்சு. என்னோட ஆராய்ச்சி ஊசித்தட்டான். தட்டான் தெரியும்லா? சின்னப் பிள்ளையில வால்ல நூல் கட்டி விட்டிருப்பீங்க. அது இறக்கையை விரிச்சுக்கிட்டு உக்காரும். இந்த ஊசித்தட்டான் அதுக்குத் தம்பி முறைன்னு வைங்க. தையல் ஊசி தண்டிதான் உடம்பு. உக்காந்தா இறக்கையை மடக்கி முதுகு மேல வச்சுக்கிடும். மரியாதை தெரிஞ்ச ஜீவன்.

குளத்துப்புழைக் காட்டுக்குள்ள சதுப்பு உண்டு. காட்டுச் சாதிக்காய் மரமா நிக்கும், தண்ணிக்குள்ள. மூச்சு விடுறதுக்கு வேரைச் சேத்துக்கு மேல முழங்கால் மாதிரி மடக்கி மடக்கி நீட்டிக்கிட்டிருக்கும். உச்சி மத்தியானத்துலயும் அங்க சாயங்காலம்தான். அந்த நிழல்ல, அந்த வேருங்க மேல உக்காந்திருக்கிற ஊசித்தட்டான் சிலது வெளிய வெயில்ல வந்தா பிழைக்காது. அந்த மாதிரிச் சதுப்பை விட்டா அதுகளுக்கு வேற ஊரு கிடையாது.

எது எந்த வகைன்னு சொல்லுறது லேசுன்னு நினைச்சிராதீங்க. எல்லாம் பாக்க ஒண்ணு போலவே இருக்கும். பழுப்பு உடம்பு, கழுத்துல வெள்ளை, வால் பக்கம் ஒரு நீலத் திட்டு. நிறத்தைப் பாத்து ஏமாறக் கூடாது. இப்பதான் தோலை உரிச்சுக்கிட்டு வந்ததுன்னா வெளுத்துக் கிடக்கும், கிழடு கறுத்துக் கிடக்கும், செத்துட்டா நீலமே போயிரும். ஆம்பளைக்கு வால் நுனியில ஒரு கொறடு இருக்கும். பொம்பளையோட கழுத்தைப் பிடிக்கிற கொறடு. வகைக்கு ஒரு கொறடு. அந்தந்தக் கொறடு அந்தந்த வகைப் பொம்பளை கழுத்துக்குத்தான் பொருந்தும். லென்ஸ் வச்சு அதைப் பாத்துட்டுத்தான் பேரைச் சொல்லணும். நமக்கு ஜாதகம், அதுக்குக் கொறடு. அதுகளுக்குத் தப்பா அமையறதே இல்ல.

என் கூட வேலை பாத்தவன் ஞானசிகாமணி. ஒரே டிபார்ட்மெண்டு, பக்கத்துப் பக்கத்து மேசை. கோடை மழை விழுந்துட்டா ரெண்டு பேரும் சதுப்புக்குக் கிளம்பிருவோம். அட்டைக்கு சாக்ஸுக்குள்ள புகையிலைத் தூள் போட்டுக்கிட்டு, வலையும் லென்ஸும் எடுத்துக்கிட்டு, எங்க வீட்ல கட்டித் தந்த புளியோதரையோட. நான் ஒண்ணைப் பாத்ததும் "இது புதுசு வேய்"ம்பேன். அவன் லென்ஸை எடுத்து அரை மணி நேரம் பாத்துட்டு "பழசுதான் வேய்"ம்பான். நான் சுறுசுறுப்பு. அவன் அப்படி இல்ல.

புதுசா ஒரு வகையைக் கண்டுபிடிச்சா அதுக்குப் பேரு வைக்கணும்லா? லத்தீன் மாதிரி வைக்கணும். அதுல எங்க ஆள்கள்ட்ட ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடிச்சவன் தன் பேரைத் தானே வச்சுக்கிடக் கூடாது. அப்படிச் சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா வச்சா ஊரு சிரிக்கும். தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதின மாதிரி ஆயிரும். அடுத்தவன்தான் வைக்கணும். அதனால எங்க உலகத்துல எல்லாவனும் எவனாவது தன் பேரை வைக்க மாட்டானான்னு பாத்துக்கிட்டே கிழவனாவான். சிகாமணியும் நானும் ஆரியங்காவு டீக்கடையில இதைப் பேசி முடிச்சுட்டோம். நான் கண்டா அவன் பேரு. அவன் கண்டா என் பேரு. "மனுஷன் போனாலும் பேரு நிக்கும்லா வேய்"னு சொன்னதே அவன்தான்.

நான் சொன்ன வாக்கைக் காப்பாத்தினேன் தம்பி. ஒரு சீசன்ல ஒண்ணைக் கண்டேன். நெஞ்சுக்கு அடியில செவப்பு செவப்பா மணி, பவளம் கோத்த மாதிரி. எந்தப் புத்தகத்துலயும் அப்படி இல்ல. சிகாமணி "பொறும் வேய், நல்லாப் பாத்துருவோம்"னான். பொறாமை. நான் பொறுக்கல. உடனே எழுதி அனுப்பினேன், அவன் பேரையே வச்சு. ஞானசிகாமணியி. ஆம்பளைப் பேருன்னா கடைசியில ஒரு இ போடணும். அச்சுல வந்துது. அப்புறம் ஜெர்மனியில ஒருத்தன், வேலையத்தவன், அது மணி இல்ல உண்ணின்னு எழுதிட்டான். தண்ணியில இருக்கிற செவப்பு உண்ணி, ஊசித்தட்டான் நெஞ்சுல ஒட்டிக்கிட்டுச் சாறு குடிக்குமாம். உண்ணியைத் தட்டி விட்டா பழைய வகையேதானாம். பேரு ரத்து.

ரத்துன்னா லேசுப்பட்ட ரத்து இல்ல. ஒரு தரம் வச்ச பேரை அந்த இனத்துல திரும்ப வேற ஒண்ணுக்கும் வைக்கக் கூடாதுன்னு விதி. அதனால இந்த ஊசித்தட்டான் இனத்துல சிகாமணி பேரு இனிமே யாரு நினைச்சாலும் வராது. செல்லாத பேரு பட்டியல்ல, உண்ணின்னு ஒரு குறிப்போட கிடக்கும். அதனால என்ன? நான் வச்சனா இல்லையா? வச்சேன். அவன் முறைதான் பாக்கி. இதைப் பத்தி அவன் என்ட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசினதில்ல. கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வரல. உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்.

கோட்டவாசல் வந்துட்டுது பாருங்க. இங்கிட்டு இருந்து காத்தே வேற.

ரெண்டு பேரும் ரிட்டையர் ஆனோம். அந்த வருஷம் எனக்குக் கண்ணுல புரை ஆபரேஷன். சீசன் வந்துட்டுது. மணிக்கு மணி சொட்டு மருந்து விடணும், ஆள் இல்லாம எங்கயும் போகக் கூடாதுன்னாரு டாக்டர். சிகாமணிக்குக் கை நடுங்கும். அதனால எங்க வீட்ல வந்தா. அவ பேரு உலகம்மாள். தென்காசிப் பக்கம் வீட்டுக்கு வீடு அம்மன் பேருதான், உங்களுக்குத் தெரியாததா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவ அந்தச் சதுப்பைப் பாத்ததே கிடையாது. அவ கேட்டதில்ல. கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன். என்ன, அட்டை இருக்கு, சேறு இருக்கு, பொம்பளைக்கு அது சரிப்படாதுன்னு சொல்லியிருப்பேன்.

உள்ள போனோம். வாயே ஓயாத பொம்பளை, அந்த வேருங்களையும் தண்ணியையும் பாத்துக்கிட்டு அப்படியே நின்னுட்டா. பயந்துட்டான்னு நினைச்சேன். "பயப்படாதட்டி, பாம்பு அவ்வளவா கிடையாது"ன்னேன். அவ என்னையப் பாக்கவே இல்ல. அங்க சொட்டு மருந்துக்கு நேரம் ஆச்சு. நான் ஒரு வேரு மேல தலையைச் சாச்சுக்கிட்டேன், அவ குடையை மடக்கிப் பக்கத்துல ஊனிட்டு மருந்து விட்டா. மருந்து விட்டா கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. அந்த நேரம் பாத்து அவ சொல்லுதா.

"ஏங்க, குடைக் காம்புல ஒண்ணு வந்து உக்காந்திருக்கு."

"அதுக்கென்ன, உக்காரட்டும்."

"இது வாலு நுனி வேற மாதிரி இருக்கே. நண்டுக் கொடுக்கு மாதிரி வளைஞ்சிருக்கு."

கண்ணை மூடிக்கிட்டிருக்கிற மனுஷன்ட்ட ஒருத்தி வந்து வால் நுனியைப் பத்திப் பேசினா எப்படி இருக்கும்? "எல்லாம் ஒண்ணுதான். விரட்டிவிடு அதை"ன்னேன். அவ விரட்டல. "அண்ணாச்சி, இங்க வாங்க"ன்னு சிகாமணியைக் கூப்பிட்டா. அவளுக்கு அவன் அண்ணாச்சி, அவனுக்கு இவ தங்கச்சி. அந்த வகையில பாத்தா அவன் எனக்கு மச்சினன். மச்சினன் புத்தியைப் பின்னால காட்டினான். அது வேற.

அவன் வந்தான். இறக்கையைப் பிடிச்சான், லென்ஸை எடுத்தான். சிகாமணி "பழசு"ன்னு இன்னும் சொல்லலையேன்னு காத்துக்கிடக்கேன். நான் கண்ணை மூடினபடியே "என்ன வேய், என்ன வேய்"ங்கேன். ரொம்ப நேரம் கழிச்சு "நயினாரே, இது நாம பாக்காதது"ன்னான். எனக்கு அழுகையே வந்துட்டுது தம்பி. அழுதா மருந்து வெளிய வந்துரும்னு எங்க வீட்ல கத்துதா.

ஏன் அழுதேன்? சந்தோசந்தான். அவன் கண்டா என் பேருலா? ஆறுமுகநயினாரி. சொல்லிப் பாருங்க. வாய் நிறையுதில்ல?

வீட்டுக்கு வந்ததும் சிகாமணி "ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம் வேய்"னு கேட்டான். நியாயமாத்தான் கேட்டான். நான்தான் மாட்டேன்னுட்டேன். ஏன்? யோசிச்சுப் பாருங்க. என் பேரை வைக்கப் போற கட்டுரையை நானே சேந்து எழுதினா, நானே எனக்கு வச்சுக்கிட்ட மாதிரி ஆகாதா? ஊரு சிரிக்காதா? "நீரே எழுதும். என்னைய எதுலயும் சேக்காதேயும்"னு கண்டிஷனாச் சொன்னேன். "நிச்சயமாவா வேய்?"னு ரெண்டு தரம் கேட்டான். நிச்சயமான்னுட்டேன். காரணத்தைச் சொல்லல. அதெல்லாம் வாய் விட்டா கேப்பாங்க? புரிஞ்சுக்கிட வேண்டாமா?

பார்க்குல என் கூட நடக்கிறவங்கள்ட்ட சொல்லிட்டேன். என் சம்பந்திக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். என்னைய ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. அந்த நேரத்துலதான் வெளிநாட்டுல இருந்து எனக்கு ஒரு மெயில் வந்துது.

பத்திரிகைக்காரன் கட்டுரையை வந்ததும் போட்டுர மாட்டான். விஷயம் தெரிஞ்ச ஒருத்தருக்கு ரகசியமா அனுப்பி, "சரியா இருக்கா, போடலாமா"ன்னு கேப்பான். யாரு படிச்சாங்கன்னு எழுதினவனுக்குச் சொல்ல மாட்டான். ஆனா இந்தச் சதுப்பு ஊசித்தட்டானைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்களை ஒண்ணு சேத்தா ஒரு ஆட்டோவுல அடங்கிருவோம். சிகாமணி எழுதினதை என்னைய விட்டா யாருக்கு அனுப்புவான்? மெயில்ல வந்த கட்டுரையைத் திறந்தேன். கொறடு, இறக்கை நரம்பு, எல்லாத்தையும் தள்ளிட்டு நேரா பேரு வச்ச இடத்துக்குப் போனேன்.

உலகம்மாளே. பொம்பளைப் பேருன்னா கடைசியில ஏ.

அவ அடுக்களையில தேங்காய் துருவிக்கிட்டிருந்தா. சத்தம் கேக்குது, சரக் சரக்குன்னு.

நான் கேக்கேன் தம்பி, நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. முப்பது வருஷம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தது யாரு? குடைக் காம்புல வந்து உக்காந்ததுக்கு ஒரு பேரா? அது என் தலையில உக்காந்திருந்தா? குடையே நான் வாங்கினதுலா! சரி, சவத்தை விடுங்க. நான் கோவப்படல. மதிப்பீடு பண்ணுறவன் நடுநிலையா இருக்கணும். பொண்டாட்டி பேருன்னு சலுகை காட்டக் கூடாது. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு. ஒரே ஒரு ஆம்பளைப் பூச்சியை வச்சுப் புது வகைன்னு சொல்லிர முடியாது, இன்னும் வேணும், பொம்பளையும் வேணும், அதுவரைக்கும் நிறுத்தி வைக்கணும்னு எழுதினேன். பேரு வைக்கும்போது இந்தத் துறைக்கு உழைச்சவங்களை நினைச்சுப் பாக்குறது நல்லதுன்னும் பொதுவா ஒரு வரி சேத்தேன். கடைசியில, நான் எதை எழுதினாலும் முடிக்கிற மாதிரி, "அவசரம் அறிவியலுக்கு ஆகாது"ன்னு முடிச்சேன். அது என்னோட கொள்கை. வகுப்புலயும் சொல்லுவேன், வீட்லயும் சொல்லுவேன். மிக்ஸி மாத்தணும்னு அவ கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

கட்டுரை திரும்பிப் போச்சு. சிகாமணி நான் எழுதின மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்தான். எங்க வீட்டுக்குத்தான் வருவான், வேற எங்க போவான்? நான் நாற்காலியில இருக்கேன், அவ காபி கொண்டு வாரா. அப்பத்தான் அவளுக்கே அந்தப் பேரு விஷயத்தைச் சொன்னான். "தங்கச்சி, ஒம்பேரை வச்சிருந்தேன். உலகம்மாளேன்னு. எவனோ ஒருத்தன் தடுத்துட்டான்." சொல்லிட்டு ஒவ்வொரு வரியா வாசிக்கான். கடைசி வரியையும் வாசிச்சான். நிதானமா வாசிச்சான். வாசிச்சிட்டு என்னைய அவன் பாக்கல. ஜன்னலைப் பாத்தான். அவதான் என்னையப் பாத்தா.

"யாரா இருக்கும் அண்ணாச்சி?"ன்னா.

"தெரியாதும்மா. பேரு போட மாட்டாங்க"ன்னான் அவன்.

நல்லவேளை, ரெண்டு பேருக்கும் கண்டுபிடிக்கத் தெரியல. அன்னையில இருந்து சட்னியில உப்பு இல்ல. ரசத்துல புளி இல்ல. அவளுக்கும் வயசாகுதுலா, மறந்து போகுது. என்ட்ட பேச்சும் குறைஞ்சு போச்சு. நானா ஏதாவது கேட்டா, "அவசரம் ஆகாதுங்க"ன்னுட்டுப் போயிருவா. என்னைய மாதிரியே நிதானம் வந்துட்டுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த சீசனுக்கு அவளே கிளம்பி நிக்கா. புகையிலைத் தூளும் அவளே வாங்கி வச்சிருக்கா. எனக்குக் கண்ணு நல்லா ஆயிட்டுது, மருந்தே வேண்டாம்னு சொன்னேன். "மருந்துக்கு நான் வரல"ன்னா.

போன அன்னைக்கு ஒண்ணும் கிடைக்கல. மறுநாளும் இல்ல. மழை வலுத்துட்டா சீசன் முடிஞ்சுரும், அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். பேப்பர் இன்னும் ஒரு வருஷம் கிடந்துட்டா வேற எவனாவது அந்தப் பூச்சியைக் கண்டு வேற பேரு வச்சுட்டுப் போயிருவான். இது அவளுக்கும் தெரியும், சிகாமணி சொல்லியிருக்கான். நான் முன்னால நடந்துட்டேன். மரத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க, நான் இருக்கேன்னு தெரியாம.

"கிடைக்கலைன்னா மனசை விட்டுராத தங்கச்சி."

"கஷ்டமாத்தான் அண்ணாச்சி இருக்கும். எம்பேரை யாரு சொல்லுதா? அவுக ஏட்டிம்பாக. பிள்ளைக அம்மாங்கும். தெருவுல புரொபசர் வீட்டம்மா. எங்கப்பா போனதுக்கப்புறம் எம்பேரை முழுசாச் சொன்னது நீங்க ஒருத்தர்தான், அன்னைக்கு அந்தத் தாளைப் படிக்கும்போது. ராத்திரி பூரா அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

இதை என்ட்ட அவ சொன்னதே இல்ல தம்பி. ஏட்டின்னு கூப்பிடுறது பிரியத்துலலா? எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. சேத்துல ரொம்ப நேரம் நின்னா எனக்கு அப்படி வரும், பிரஷர் உண்டு. சத்தம் காட்டாம இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

அங்க இருந்துச்சு. ஒரு வேரு மேல, ஜோடியா. ஆம்பளை வால் நுனியால பொம்பளை கழுத்தைப் பிடிச்சிருக்கு, பொம்பளை வாலைத் தண்ணி ஓரத்துப் பாசியில குத்தி முட்டை வைக்குது. புதுக் கண்ணுலா எனக்கு, லென்ஸே வேண்டாம். கொறடு நண்டுக் கொடுக்கு மாதிரி வளைஞ்சிருக்கு. கழுத்துல வெள்ளை, அந்த நீலம். மழை மூட்டத்துல அந்த நீலம் மட்டும் தனியாத் தெரியுது. அழகுன்னா அப்படி ஒரு அழகு. என் வாழ்நாள்ல அப்படி ஒண்ணைப் பாத்ததில்ல.

பக்கத்துல யாரும் இல்ல. கையில வலை இருக்கு. நான் சும்மா நின்னா அது முட்டையை வச்சுட்டு அது பாட்டுக்குப் போயிரும். யாருக்கும் தெரியாது. நான் யோசிச்சேன், இல்லன்னு சொல்லல. யோசிச்சுக்கிட்டிருக்கும்போதே கை வீசிட்டுது. முப்பது வருஷப் பழக்கம், அது நம்ம பேச்சைக் கேக்காது. வலைக்குள்ள ரெண்டும் கிடக்கு. நான் "ஏட்டி!"ன்னு கத்தினேன். அப்புறம் என்ன தோணுச்சோ, "உலகம்மா!"ன்னும் கத்தினேன். ரெண்டு பேரும் சேத்துல விழுந்து எந்திரிச்சு ஓடி வாராங்க. அவ வலைக்குள்ள எட்டிப் பாத்தா. தோள்ல ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டா, என் தோள்ல இருந்ததை. அன்னைக்கு ராத்திரி லாட்ஜுல சாப்பாட்டுக்கு அவளே எனக்கு ஊறுகாய் வாங்கி வச்சா.

இது பதிமூணு கண் பாலம் தம்பி. எட்டிப் பாருங்க, மேல ரயில் போகும். தென்மலை பக்கத்துல வந்துட்டுது, சுருக்கிச் சொல்லிருதேன்.

சிகாமணி பேப்பரைத் திருத்தி எழுதுதான். "ஜோடியைப் பிடிச்சவர் நயினார்னு போடுதேன் வேய்"ங்கான். நான் பதறிட்டேன். திருத்தின பேப்பர் திரும்ப எனக்குத்தானே வரும்? உள்ள என் பேரு இருந்தா பத்திரிகைக்காரன் எனக்கு அனுப்ப மாட்டான், சம்பந்தப்பட்ட ஆளும்பான். எனக்கு வந்தே ஆகணும். ஏன்னா என்ட்ட ஒரு திட்டம் இருந்துச்சு. "என் பேரு வேண்டாம், உம்ம தங்கச்சி பிடிச்சான்னே போடும்"னேன். அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான். "நீரா சொல்லுதீரு?"ன்னான். பெருந்தன்மையைப் பாத்து ஆடிப்போயிட்டான்.

நினைச்ச மாதிரி எனக்கே வந்துது. போடலாம், அருமையான கட்டுரைன்னு எழுதினேன். ஒரே ஒரு திருத்தம். "உலகம்மாள்"னு மொட்டையா இருக்கிறது முறை இல்ல, யாருன்னு உலகத்துக்குத் தெரிய வேண்டாமா, "பேராசிரியர் ஆறுமுகநயினாரின் மனைவி"ன்னு சேக்கணும்னு கேட்டேன். அறிவியல் பூர்வமான கோரிக்கை. வெளிநாட்டுக்காரனும் சரின்னு சிகாமணிக்கு அனுப்பிட்டான். சிகாமணி அதையும் எங்க வீட்ல வந்து வாசிச்சான். வாசிச்சு முடிக்கு முன்னாலயே சிரிப்பு வந்துட்டுது அவனுக்கு. இருமுத மாதிரிக் காட்டிக்கிட்டான்.

அவ பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா. "வேண்டாம் அண்ணாச்சி. பேரு மட்டும் போதும்"னா. அவ்வளவுதான் சொன்னா. திரும்பப் போயி மிச்சப் பாத்திரத்தைக் கழுவினா. பேருக்கு உரியவளே வேண்டாம்னா அப்புறம் மதிப்பீட்டாளன் என்ன பண்ண முடியும்?

போன மாசம் அச்சுல வந்துட்டுது. அதுக்குத்தான் இந்த விழா. சதுப்புக்குப் பக்கத்துலயே பந்தல், அவ படம் போட்ட பேனர், பக்கத்துல ஊசித்தட்டான் படம். அவளும் சிகாமணியும் பேசுதாங்க. அவ நாலு நாளாக் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகுதா. நான் அழைப்பிதழ் முழுக்கத் தேடினேன். "உறவினர்கள், நண்பர்கள் அனைவரும் வருக"ன்னு போட்டிருக்கு. அதுல நான் வந்துருவேன்.

இருங்க, இறங்குறதுக்கு முன்னால ஒண்ணு காட்டுதேன். அந்தக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில வச்சிருக்கேன். கடைசிப் பக்கத்தைப் பாருங்க, அடியில, பொடி எழுத்துல. இங்கிலீஷ்ல இருக்கு, நான் தமிழ்ல சொல்லுதேன். வனத்துறைக்கு நன்றி, வண்டி ஓட்டின செல்வஜோதிக்கு நன்றி. அதுக்குக் கீழ: "மேலும் பூச்சிகள் வேண்டும் என்று வற்புறுத்தி இக்கட்டுரையைச் செம்மைப்படுத்திய, பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு ஆசிரியரின் நன்றி." பேனா வச்சு அடிக்கோடு போட்டிருக்கேன் பாத்தீங்களா? அது நான்தான் தம்பி. பெயர் அறியாதன்னு இருக்குல்ல, அது நான்தான். யார்ட்டயும் சொல்லிராதீங்க.